ஜப்பானில் மலையேறப் போகிறீர்களா? விடுதியின் போன் நம்பர் கையில் இருக்கட்டும்

பெங்களூரிலிருந்து கிளம்பும் முன்பே, தங்கும் விடுதியின் லேண்ட்லைன் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்சிக்காரரிடம் அதைக் காட்டினால் போதும், வண்டியின் நேவிகேஷனில் அடித்துப் போய்விடுவார். வாடகைக் காரில் நாமே அடிக்கலாம். ஜப்பானில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது, முகவரி என்பது வட்டார எண்கள்தான். ஆங்கில எழுத்தில் உள்ள பெயரைக் காட்டினால் பல டிரைவர்களுக்குப் புரியாது. எண் எல்லோருக்கும் புரியும். நம்பர் +81 என்று தொடங்கினால் அதை எடுத்துவிட்டு முன்னால் 0 போடுங்கள், இல்லையென்றால் நேவிகேஷன் ஏற்காது.

கூடாரம் போடும் இடங்களுக்கு மட்டும் இதை நம்பாதீர்கள். அங்கே கொடுத்திருக்கும் நம்பர் ஊர் அலுவலகத்துடையதாக இருந்தால், வண்டி அங்கே போய் நிற்கும். அப்படிப்பட்ட இடங்களுக்கும் போனே இல்லாத மலைப்பாதைத் தொடக்கங்களுக்கும் மேப்கோட் எண்ணை (வரைபடத்தில் ஓர் இடத்தைக் குறிக்கும் எண், இதையும் நேவிகேஷனில் அடிக்கலாம்) எடுத்து வையுங்கள்.