கம்பி வைத்த முதுகுக்கு மறுபடியும் அறுவை சிகிச்சையா? முடிவெடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் அக்காவின் புடவைக் கொசுவம் தரையில் இழுபட ஆரம்பித்தபோது வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் அளவாகக் கட்டிய புடவை சாயங்காலத்துக்குள் முன்பக்கம் தரையைத் தொட்டுக்கொண்டும், பின்பக்கம் கணுக்காலுக்கு மேலே ஏறிக்கொண்டும் இருக்கும். சமைக்கும்போது இடது முழங்கையை மேடையில் ஊன்றிக்கொண்டு வலது கையால் கிளறுவாள். ரேஷன் கடை வரிசையில் நின்றால் முழங்கால் இரண்டையும் லேசாக மடக்கிக்கொள்வாள். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்ததால் 1986-இல், அவளுடைய 14-ஆவது வயதில், அறுவை சிகிச்சை செய்து நீளமான கம்பி ஒன்றை வைத்திருந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, மறுபடியும் ஒரு முறை முதுகைத் திறக்கலாமா என்ற கேள்வி எங்கள் வீட்டுக்குள் வந்தது. ஸ்கோலியோசிஸ் எனப்படும் இந்தப் பக்கவாட்டு வளைவுக்காக ஒரு முறை கம்பி வைத்துக்கொண்ட பலருக்கு இதே கேள்வி வருகிறது. அதற்கு விடை தேடிய இரண்டு ஆண்டுகளில் நாங்கள் செய்த தவறுகளையும், செய்யாமல் தப்பித்த தவறுகளையும் எழுதுகிறேன்.

முதல் தவறு, "கம்பி பழசாகிவிட்டது, அதனால்தான் வலிக்கிறது" என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடுவது. கம்பி என்பது முதுகைக் காலம் முழுவதும் தாங்குவதற்காக வைக்கப்படுவதில்லை. முதல் அறுவை சிகிச்சையின்போது எலும்புத் துண்டுகளை வரிசையாகப் பரப்பி, அவை ஒன்றோடொன்று கூடி ஒரே எலும்பாக ஆகும்வரை அசையாமல் பிடித்துக்கொள்ளத்தான் கம்பியும் கொக்கியும் ஸ்க்ரூவும் வைக்கிறார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டால் அதன் பிறகு கம்பிக்குப் பெரிய வேலை இல்லை. அது உள்ளே இருப்பதாலேயே வலி வர வேண்டும் என்பதும் இல்லை, அதை எடுத்துவிட்டால் வலி போய்விடும் என்பதும் இல்லை. கூடாமல் போன இடத்தில்தான், ஒவ்வொரு முறை குனிந்து நிமிரும்போதும் கம்பி கொஞ்சம் வளைந்து, ஒரு நாள் ஒடிகிறது. ஒடிந்த கம்பிகூட எல்லோருக்கும் அவசர சிகிச்சை கேட்பதில்லை. வலியும் இல்லாமல், வளைவும் கூடாமல் இருந்தால், மருத்துவர் கண்காணிப்பில் விட்டுவைப்பது உண்டு.

வலிக்கு வேறு பல காரணங்கள் இருக்கலாம். கூடிய பகுதிக்குக் கீழே மிச்சமிருக்கும் ஓரிரண்டு டிஸ்குகள், அதாவது எலும்புகளுக்கு இடையே உள்ள மெத்தைகள், எல்லா அசைவையும் தாங்கித் தேய்ந்திருக்கலாம். கம்பி முடியும் இடத்துக்கு மேலே முதுகு முன்னோக்கிக் கூன் விழுந்திருக்கலாம். பல ஆண்டுகளுக்குப் பிறகும் கம்பியைச் சுற்றி மந்தமான கிருமித்தொற்று இருக்கலாம். நரம்பு அழுந்தியிருக்கலாம். இடுப்பு மூட்டு தேய்ந்து, அந்த வலி முதுகு வலியைப்போலத் தெரியலாம். இவை ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. ஒன்றுக்குக் கிருமியை அகற்ற வேண்டும், ஒன்றுக்கு நரம்பின் அழுத்தத்தை எடுத்தால் போதும், இடுப்பு மூட்டுத் தேய்வுக்கு முதுகைத் தொடவே தேவையில்லை. ஆகையால் "அறுவை சிகிச்சை செய்யலாமா?" என்று கேட்பதற்கு முன்னால், "என்னுடைய வலி எந்த இடத்திலிருந்து வருகிறது, அதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டுத் தெளிவான பதில் வாங்க வேண்டும். சந்தேகப்படும் மூட்டில் மரத்துப்போகும் ஊசியைப் போட்டு, வலி குறைகிறதா என்று பார்ப்பதும் இதற்கு ஒரு வழி. பதில் மழுப்பலாக இருந்தால் தேதி குறிக்கக் கூடாது என்பதே என் உறுதியான எண்ணம்.

அக்காவுக்கு வைத்திருந்தது ஹாரிங்டன் கம்பி. அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில், இளம்பிள்ளை வாதத்தால் முதுகு வளைந்த குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்துவந்த பால் ஹாரிங்டன் என்ற மருத்துவர் 1950-களில் உருவாக்கி, 1962-இல் மருத்துவ உலகுக்கு விரிவாக எடுத்துச்சொன்ன முறை அது. மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி, நடுவில் கம்பி; ஜாக்கியைப்போல நீட்டி, வளைவை நிமிர்த்துவார்கள். எத்தனையோ குழந்தைகளை அது காப்பாற்றியது என்பதை மறக்கக் கூடாது. ஆனால் பக்கவாட்டு வளைவை நீட்டி நிமிர்த்தியபோது, இடுப்புக்கு மேலே இயல்பாக உள்வாங்கியிருக்க வேண்டிய குழிவும் சேர்ந்து தட்டையானது. கம்பி எவ்வளவு கீழே இறங்கியதோ அந்த அளவுக்கு இந்தத் தொல்லையும் அதிகம். இளமையில் கீழே உள்ள டிஸ்குகள் ஈடுகொடுத்துவிடும். அவை தேயத் தேய உடல் முன்னால் சாயும், நிமிர்ந்து நிற்க முழங்காலை மடக்க வேண்டிவரும். புடவை முன்னால் இறங்கியதன் காரணம் இதுதான் என்று எங்களுக்குத் தெரியவே ஒன்றரை ஆண்டு ஆயிற்று. 1984-இல் பிரான்ஸின் கோட்ரெல், டுபூஸே இருவரும் அறிமுகப்படுத்திய முறையும், பிறகு பரவலான ஸ்க்ரூ முறைகளும் இந்தக் குழிவைக் காக்கப் பெரிதும் உதவின. ஆகவே, புதிய முறையில் சிகிச்சை பெற்ற ஒருவருடைய அனுபவத்தைக் கேட்டுவிட்டு, ஹாரிங்டன் கம்பி வைத்தவர் தன் முடிவை எடுப்பது சரியாக வராது.

ஒன்றரை ஆண்டு ஆனதற்கு நாங்களும் ஒரு காரணம். இருந்த எக்ஸ்-ரே எல்லாம் படுக்க வைத்து எடுத்த, இடுப்புப் பகுதி மட்டும் தெரிகிற படங்கள். படுத்தால் உடல் முன்னால் சாய்வது எப்படித் தெரியும்? கழுத்திலிருந்து தொடையெலும்பின் தலைவரை ஒரே படத்தில், நின்ற நிலையில், முழங்காலை மடக்காமல், முன்னிருந்தும் பக்கவாட்டிலும் எடுக்க வேண்டும். அந்தப் பக்கவாட்டுப் படத்தில் கழுத்தின் ஏழாவது எலும்பிலிருந்து தூக்குக்குண்டு நூல்போல ஒரு கோடு இறக்கி, அது இடுப்பின் அடி எலும்புக்கு எவ்வளவு முன்னால் விழுகிறது என்று அளப்பார்கள். 5 சென்டிமீட்டருக்கு மேல் போனால் சாய்வு கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியதாகிறது. அக்காவுக்கு அது 11 சென்டிமீட்டர். எலும்பு கூடியிருக்கிறதா, ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா என்பதற்கு நுண்ணிய சி.டி. ஸ்கேன் வேண்டும். எம்.ஆர்.ஐ. நரம்புக்கு நல்லது என்றாலும், கம்பி இருக்கும் இடத்தில், அதிலும் பழைய எவர்சில்வர் கம்பி என்றால், படம் கலங்கிப்போகும். "எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லையாம்" என்ற சொல்லை நம்பி ஓய்ந்துபோனவர்களை எனக்குத் தெரியும்.

படத்தில் உள்ள எண்ணைப் பார்த்துப் பயப்படுவது இதற்கு நேரெதிரான தவறு. வளைவின் கோணத்தை அளக்கும் காப் முறையில் 5 டிகிரிவரை அளவுப் பிழை வரலாம். போன முறை 41, இந்த முறை 44 என்றால், வளைவு கூடிவிட்டது என்று சொல்ல முடியாது. பெரியவர்களுக்குப் பக்கவாட்டுக் கோணத்தைவிட, முன்னால் சாய்வதுதான் வலியையும் இயலாமையையும் அதிகம் தீர்மானிக்கிறது. அதனால் முதுகு அளவுகோல்போல நேராக வேண்டும் என்று ஆசைப்படுவதும் தவறு. வயதானவர்களை அளவுக்கு மீறி நிமிர்த்தினால், கம்பி முடியும் இடத்துக்கு மேலே புதிதாகக் கூன் விழும் ஆபத்து கூடுகிறது என்பதால், வயதுக்கு ஏற்ற அளவு நிமிர்வே இலக்காக இருக்க வேண்டும்.

பழைய ஆவணங்களை அலட்சியம் செய்யாதீர்கள். எங்கள் வீட்டுப் பரணில் மஞ்சள் உறைக்குள் கிடந்த 1986-ஆம் ஆண்டு ஃபிலிம்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரித்தபோது பாதி உரிந்துவந்தது. எந்த எலும்பிலிருந்து எந்த எலும்புவரை, எந்த நிறுவனத்தின் கம்பி, என்ன உலோகம் என்ற விவரங்கள் அறுவை சிகிச்சைக் குறிப்பில் இருக்கும். பழைய ஸ்க்ரூவைக் கழற்ற, அதற்குப் பொருந்தும் கருவி வேண்டும். குறிப்பு இல்லையென்றால் எக்ஸ்-ரேயை வைத்து ஓரளவு அடையாளம் காணலாம். ஆனாலும் இப்போதே தேடி எடுத்து, வெளிச்சத்தில் வைத்துப் படம் பிடித்துச் சேமித்துவிடுங்கள்.

இனி, நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் விஷயம். இந்த அறுவை சிகிச்சை எதைத் தரும் என்பதை மட்டும் கேட்டுவிட்டு, எதை எடுத்துக்கொள்ளும் என்பதைக் கேட்காமல் வந்துவிடுகிறோம். தட்டையாகக் கூடிப்போன முதுகில் மறுபடியும் குழிவைக் கொண்டுவர, கூடிய எலும்பையே வெட்ட வேண்டும். எலும்பின் நடுவிலிருந்து ஆப்பு வடிவத் துண்டை எடுத்து மூடும் முறையில், ஒரே இடத்தில் ஏறத்தாழ 30 டிகிரி திருத்தம் கிடைக்கும். நரம்புகளுக்கு மிக அருகில் செய்யும், இரத்தம் நிறையப் போகும் வேலை அது. பெரியவர்களின் சிக்கலான முதுகுத் திருத்தங்களைப் பின்தொடர்ந்த ஸ்கோலி-ரிஸ்க்-1 என்ற பன்னாட்டு ஆய்வில் 272 பேர் இருந்தார்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகும் நேரத்தில், ஐந்தில் ஒருவருக்கும் சற்று அதிகமானோருக்குக் காலின் பலம் முன்பைவிடக் குறைந்திருந்தது. ஆறு மாதத்தில் அப்படிப் பலம் குறைந்தவர்களின் விகிதம் ஏறக்குறைய பாதியாக இறங்கியது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. "ரிஸ்க் எல்லாத்துலயும் இருக்கு" என்ற பொதுவான பேச்சோடு யாரும் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். மீண்டும் கூடாமல் போவது, கம்பி ஒடிவது, தொற்று, இன்னொரு அறுவை சிகிச்சை ஆகிய ஒவ்வொன்றுக்கும், உங்கள் வயதுக்கும் உடல்நிலைக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

கம்பியை இடுப்பெலும்புவரை இறக்கினால் இடுப்புக்கு மேலே குனிவதற்கு ஒன்றும் மிஞ்சாது. முன்பே பாதிக்கு மேல் கூடிப்போனவருக்கு இந்த இழப்பு கொஞ்சம் குறைவாகத் தோன்றலாம், ஆனாலும் உண்டு. தரையில் உட்கார்ந்து இலையை நோக்கிக் குனிவது, கோலம் போடுவது, கால் நகம் வெட்டுவது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கழிப்பறையில் தானே சுத்தம் செய்துகொள்வது ஆகியவை சிரமமாகும். எந்த மருத்துவரும் இதைத் தானாக எங்களிடம் சொல்லவில்லை. அக்காவும் கேட்கக் கூச்சப்பட்டாள். பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பெண்தான் ஒரு யோசனை சொன்னார். மார்பிலிருந்து இடுப்புவரை அசையாதபடி கெட்டியான பெல்ட்டைக் கட்டிக்கொண்டு அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இருந்தாள். மதியத்துக்குள் எது முடியும், எது முடியாது, எதற்கு நீளமான கைப்பிடிப் பிரஷ் வாங்க வேண்டும் என்று ஒரு பட்டியல் தயாராகிவிட்டது. நேராக நிற்க முடிந்தால் இவற்றில் பலவற்றை விட்டுக்கொடுக்கலாம் என்று அவளே சொன்னாள். அதை நாங்கள் யாரும் அவளுக்காகச் சொல்லியிருக்க முடியாது.

எலும்பின் பலத்தைப் பார்க்காமல் தேதி குறிப்பதும் அடிக்கடி நடக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது மிக முக்கியம். எலும்பு அடர்த்தி ஸ்கேனை முதுகில் எடுத்தால் கம்பியும் கூடிய எலும்பும் சேர்ந்து கணக்கை உயர்த்திக் காட்டும். இடுப்பு மூட்டுப் பகுதியில் எடுக்கச் சொல்லுங்கள். பலம் குறைந்த எலும்பில் ஸ்க்ரூ பிடிக்காது. மருந்து கொடுத்துச் சில மாதங்கள் எலும்பைத் தேற்றிவிட்டுச் செய்வது காலதாமதம் ஆகாது. புகை பிடிப்பவர்களுக்கு எலும்பு கூடுவது தடைப்படும், ஆகவே முழுவதும் நிறுத்தியாக வேண்டும். சர்க்கரை, இரத்தச்சோகை, வைட்டமின் டி, உடம்பின் புரதச் சத்து இவற்றையும் முன்கூட்டியே சரிசெய்யச் சொல்ல வேண்டும்.

காத்திருப்பதிலும் இரண்டு வகைத் தவறு இருக்கிறது. கால் புதிதாகத் துவள்வது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு இழப்பது, தொடைகளின் உட்புறம் மரத்துப்போவது ஆகியவை வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பழைய தழும்பில் நீர் அல்லது சீழ் கசிந்தாலும், காய்ச்சலோடு முதுகுவலி வந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. இவை இல்லாத பெரும்பாலோருக்கு யோசிக்க அவகாசம் உண்டு. அந்த அவகாசத்தில் இடுப்புத் தசைகளுக்கான பயிற்சி, நடைக்கோல், வலி மருத்துவம் ஆகியவற்றால் போதுமான நிம்மதி கிடைத்துவிட்டால், அதுவும் ஒரு நல்ல முடிவே. ஆனால் எலும்பாகக் கூடிப்போன வளைவை எந்தப் பயிற்சியாலும் நிமிர்த்த முடியாது. இழுத்தும் திருகியும் நெட்டி முறித்தும் சரிசெய்வதாகச் சொல்பவர்களிடம் கம்பி வைத்த முதுகைக் கொடுக்கவே கூடாது.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது, முதுகு அறுவை சிகிச்சையில் பெயர் பெற்றவரா என்பது மட்டும் போதாது. டிஸ்க் அறுவை சிகிச்சையில் கைதேர்ந்தவர் எல்லோரும் பழைய கம்பியை அகற்றி வளைவைத் திருத்தும் வேலையைத் தொடர்ந்து செய்பவராக இருக்க மாட்டார். ஆண்டுக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறீர்கள், நரம்புகளை அறுவையின்போது முழுநேரமும் கண்காணிக்கும் கருவி உண்டா, கூட நிற்கும் இன்னொரு அனுபவசாலி யார் என்று மரியாதையாகக் கேட்கலாம். நல்ல மருத்துவர் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. ஒருவரைப் பார்த்துவிட்டு நிறுத்தாமல் இன்னொருவரையும் பாருங்கள். நாங்கள் பார்த்த இருவரில் ஒருவர் கம்பியை இடுப்பெலும்புவரை இறக்க வேண்டும் என்றார், மற்றவர் இரண்டு எலும்பைக் கூட்டினால் போதும் என்றார். யார் சொல்வது பெரிய சிகிச்சை என்று பார்க்காமல், ஏன் வேறுபடுகிறார்கள் என்று இருவரிடமும் கேட்டோம். இரண்டு எலும்பு போதும் என்றவர், நின்ற நிலைப் பக்கவாட்டுப் படத்தை அதுவரை பார்த்திருக்கவில்லை. பார்த்த பிறகு, அவரும் தன் கருத்தை மாற்றிக்கொண்டார்.

அக்காவின் இடுப்பு மூட்டுப் பகுதியில் எலும்பு அடர்த்தி குறைவாக இருந்ததால் இப்போது தினமும் ஊசி போட்டுக்கொள்கிறாள். தேதி இன்னும் குறிக்கவில்லை. அறுவைக்குப் பிந்தைய முதல் மூன்று மாதங்கள் யார் அவளோடு இருப்பது என்று ஒரு காகிதத்தில் வாரவாரியாக எழுதிச் சமையலறையில் ஒட்டியிருக்கிறோம். நான்காவது, ஐந்தாவது வாரங்களுக்கு எதிரே இன்னும் பெயர் எழுதவில்லை. அதை நிரப்பிய பிறகுதான் மருத்துவரிடம் தேதி கேட்பேன் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.