ஹேண்டில்பார் மாத்துறீங்களா? கேபிள் நீளத்தை முதல்ல பாருங்க

சேலத்துலருந்து ஏற்காடு ஏறுறதுக்குள்ள 20 கொண்டை ஊசி வளைவு, ஹேண்டில்ல சின்ன தப்பு இருந்தாலும் அங்க காட்டிக்கொடுத்துடும், அதனால வேற பார் வாங்குறவங்க விட்டத்தை பாத்து வாங்குங்க. நம்ம ஊர் பைக் நிறையத்துக்கு கிளாம்ப் பிடிக்கிற இடத்துல 22 மில்லிமீட்டர், தடி பார்னா 28.6, ஒண்ணுக்கு பதில் ஒண்ணு உக்காராது.

டேங்க் மேல பழைய போர்வைய போட்டுட்டு ஆரம்பிங்க, பிரேக் ஆயில் பட்டா பெயின்ட் போயிடும். கிரிப்புக்குள்ள சோப்புத் தண்ணி விட்டு திருகுனா வழுக்கிட்டு வந்துரும். பிரேக் ஆயில் டப்பாவை தலைகீழா தொங்க விடாதீங்க, காத்து ஏறிடும்.

சுவிட்ச் பாக்ஸ் உள்ள ஒரு குட்டி முள்ளு இருக்கும் பாருங்க, புது பார்ல அதுக்கு ஓட்டை இல்லன்னா அளந்து போடுங்க, தயவுசெஞ்சு முள்ளை அறுத்துடாதீங்க, அப்புறம் ஆக்ஸிலேட்டர் திருகும்போது பாக்ஸும் சேந்து சுத்தும்.

உயரமான பார்னா கேபிள்தான் பெரிய விஷயம். எனக்கு ஒரு வளைவுல ஹேண்டிலை முழுசா ஒடிச்சப்போ ரேஸ் தானா ஏறுச்சு, கேபிள் இழுத்துருக்கு, உயிரே போயிடுச்சு. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரல்ல இன்ஜினை ஓடவிட்டு, ரெண்டு பக்கமும் கடைசிவரை திருப்புங்க, சத்தம் மாறவே கூடாது. கிளட்ச் கேபிள், பிரேக் ஹோஸ் எதுவும் விறைக்கக் கூடாது, ஹேண்டில் டேங்க்ல இடிக்கக் கூடாது. ஆக்ஸிலேட்டரை விட்டதும் டக்குனு திரும்பணும். கிளாம்ப் போல்ட்டை மேனுவல்ல சொன்ன டார்க்ல, அதாவது எவ்வளவு இறுக்கணும்ங்கிற அளவுல, முடுக்குங்க, 50 கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி ஒருதடவை செக் பண்ணிட்டு மலை ஏறுங்க.