ஹெட்டைக் கழற்றாமல் வால்வ் சீல் மாற்றுவது

காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை கிளம்பி அரை நிமிடத்தில் அடங்கிவிடுகிறதா? பல மாடி கார் நிறுத்துமிடத்தின் சரிவில் இறங்கி, கீழே வந்து ஆக்சிலரேட்டரை மிதித்ததும் மறுபடி புகைகிறதா? அப்படியானால் வால்வ் சீல்தான் (வால்வ் தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையம்) என்று சந்தேகப்படலாம். ரப்பர் சூட்டில் இறுகிப்போனால் மேலே ஹெட்டில் (சிலிண்டர்களை மூடும் எஞ்சின் மேல் பகுதி) தேங்கும் எண்ணெய் வால்வ் தண்டு வழியாக சிலிண்டருக்குள் இறங்கும். மிதிக்க மிதிக்கப் புகைந்துகொண்டே வந்தால் பெரும்பாலும் அது பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்). முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) பாருங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பார்க்கும்போது அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. அப்போது சீல் மாற்றுவது வீண் செலவு. பிசிவி வால்வு (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றுவது) அடைத்திருந்தாலும் எண்ணெய் எரியும். மலிவான பாகம், அதை முதலில் மாற்றிவிடுங்கள்.

சிங்கப்பூரில் சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டும் 10 வயது தாண்டிய கார்களில் இது அடிக்கடி வரும் தொல்லை. அந்தக் கார்களுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு என்பதால் புகையை நாள் கடத்த முடியாது. வேலையை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். சின் மிங், காக்கி புக்கிட் பக்கம் தெரிந்த பட்டறையில் ஒரு நாள் இடம் கேளுங்கள்.

4 சிலிண்டர், 16 வால்வு எஞ்சின் என்றால் 16 சீல் வேண்டும்: இன்டேக்குக்கு (காற்று உள்ளே வரும் வால்வுகள்) 8, எக்ஸாஸ்ட்டுக்கு (புகை வெளியேறும் வால்வுகள்) 8. இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு நிறத்தில் வரும், கலந்துவிடாதீர்கள். வால்வ் கவர் கேஸ்கெட், ஸ்பார்க் பிளக் குழிகளின் ரப்பர் வளையங்கள், ஸ்பிரிங் கம்ப்ரஸர், சீல் பிடுங்கும் இடுக்கி, காந்தக் கம்பி, முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்ச், சுமார் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள நைலான் கயிறு ஆகியவையும் தேவை.

எஞ்சின் ஆறியபின் பேட்டரி, இக்னிஷன் காயில், பிளக், வால்வ் கவர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கிராங்க்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) டைமிங் குறிக்குக் கொண்டுவந்து, செயினிலும் ஸ்பிராக்கெட்டிலும் பெயின்ட் அடையாளம் வையுங்கள். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை எடுத்ததும் செயினைக் கம்பியால் மேலே இழுத்துக் கட்டுங்கள். தளர்ந்தால் கீழே பல் தாண்டிவிடும். கேம் ஷாஃப்ட்டை (வால்வுகளைத் திறக்கும் தண்டு) பிடித்திருக்கும் கேப்புகளின் போல்ட்டுகளை ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, இரண்டு மூன்று சுற்றாகத் தளர்த்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விட்டால் ஸ்பிரிங் அழுத்தத்தில் கேம் ஷாஃப்ட் உடையக்கூடும். கேமை எடுத்தபின், கேப்புகளையும் பக்கெட்டுகளையும் (வால்வுக்கு மேல் உட்காரும் கிண்ணங்கள்) கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வையுங்கள்.

அடுத்தது வால்வு உள்ளே விழாமல் தாங்குவது. பிளக் துவாரத்தில் காற்று ஏற்றியும் செய்யலாம். ஆனால் பிஸ்டன் உச்சியில் சரியாக நிற்காவிட்டால் காற்று அதைக் கீழே தள்ளும், கம்ப்ரஸர் நின்றால் வால்வும் இறங்கும். கயிறே மேலானது. பிஸ்டன் உச்சிக்குச் சற்று முன் இருக்கும்போது கயிற்றைத் திணித்து, நுனியை வெளியே விட்டு, கிராங்க்கைக் கையால் இறுகும்வரை மட்டும் திருப்புங்கள். 1, 4-ஆம் சிலிண்டர்களின் பிஸ்டன்கள் ஒன்றாக மேலே வரும். முடித்தபின் கயிற்றை உருவிவிட்டு, செயினைத் தூக்கிப் பிடித்தபடி கிராங்க்கைத் திருப்பி 2, 3-ஆம் சிலிண்டர்களைச் செய்யுங்கள்.

எண்ணெய் இறங்கும் ஓட்டைகள் அத்தனையையும் துணியால் அடையுங்கள். வால்வ் லாக் (ஸ்பிரிங்கை வால்வ் தண்டோடு பூட்டும் சிறு துண்டு) அரிசி மணியை விடச் சற்றுப் பெரியது. உள்ளே விழுந்தால் ஆயில் பேனைக் கழற்ற வேண்டியதுதான். ரிட்டெய்னர் (ஸ்பிரிங்கின் மேல் தட்டு) மேல் சாக்கெட் வைத்து லேசாக ஒரு தட்டு தட்டினால் ஒட்டியிருக்கும் லாக் விடும். ஸ்பிரிங்கை அழுத்தி, காந்தத்தால் லாக் இரண்டையும் எடுங்கள். பழைய சீலைத் திருகி இழுங்கள்.

இப்போது வால்வ் தண்டை ஆட்டிப் பாருங்கள். தெளிவாக ஆடினால் கைடு (தண்டு ஓடும் குழாய்) போய்விட்டது. புது சீலும் சீக்கிரம் தேயும். ஹெட்டை இறக்குவதே சரி.

ஸ்பிரிங்கின் அடி வாஷர் சில எஞ்சின்களில் சீலைத் தாண்டி உள்ளே போகாது. அதை முதலில் போட மறந்தால் புது சீலைப் பிடுங்க வேண்டும். பிடுங்கிய சீல் மறுபடி உதவாது. தண்டின் நுனிப் பள்ளம் சீலின் உதட்டைக் கிழிக்கும். அதனால் பிளாஸ்டிக் உறை மாட்டி, எண்ணெய் தடவி, சரியான அளவுள்ள சாக்கெட்டால் கையால் அழுத்துங்கள். சுத்தியல் வேண்டாம். ஸ்பிரிங்கில் நெருக்கமான சுற்றுள்ள பக்கம் ஹெட்டை நோக்கி இருக்கட்டும். லாக்கை கிரீஸ் தடவி ஒட்டினால் நழுவாது.

கிராங்க்கைத் துல்லியமாகக் குறிக்குக் கொண்டுவந்த பிறகே கேமை வையுங்கள். கேப் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு முறுக்குங்கள். டென்ஷனரை மாட்டி, பிளக் இல்லாமலே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் குறிகளைச் சரிபாருங்கள். எங்காவது முட்டினால் நிறுத்துங்கள், டைமிங் தப்பியிருக்கிறது. பிறகு வால்வ் இடைவெளி (கேமுக்கும் பக்கெட்டுக்கும் நடுவே): டொயோட்டா வியோஸில் வந்த 1என்இசட்-எஃப்இ எஞ்சினுக்கு, ஆறிய நிலையில், இன்டேக் 0.15–0.25, எக்ஸாஸ்ட் 0.25–0.35 மில்லிமீட்டர்.

முதல் ஓட்டத்தில் புகைக்குழாயில் தங்கிய பழைய எண்ணெய் எரிந்து கொஞ்சம் புகையும். பதறி மறுபடி கழற்றாதீர்கள். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யும்போதுதான் சரியாகத் தெரியும்.