அநீதியைப் படம்பிடிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மறைத்து வைக்கப்பட்ட ஓர் அநீதியை வெளிக்கொணரும் புகைப்படத்தையோ ஆவணப்படத்தையோ மிக உன்னிப்பாகப் பார்ப்பவர்கள் இரண்டு தரப்பினர். படத்தில் இடம்பெற்று, நாளையும் அதே முதலாளியிடம் வேலைக்குப் போக வேண்டியவர் ஒருவர். அந்தப் படத்தைப் பொய்யென்று நிறுவத் துடிப்பவர் இன்னொருவர். இவ்விருவரையும் மறந்து, பார்த்துக் கலங்கப்போகும் பொதுப் பார்வையாளரை மட்டும் மனத்தில் வைத்துப் படமெடுப்பதிலிருந்துதான் இத்துறையின் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

உண்மையான காட்சியைச் சற்றே "சரிசெய்யும்" பழக்கத்தை முதலில் கைவிட வேண்டும். 1936இல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் நிலவிய கடும் வறட்சியைப் பதிவு செய்த அரசுப் புகைப்படக் கலைஞர் ஆர்தர் ரோத்ஸ்டீன், வெளுத்துக் கிடந்த ஒரு மாட்டின் மண்டையோட்டைச் சில அடிகள் நகர்த்தி வெவ்வேறு பின்னணிகளில் படமெடுத்தார். வறட்சி உண்மைதான், ஆனால் ஒரே மண்டையோடு வெவ்வேறு இடங்களில் கிடப்பது தெரியவந்ததும், அது தேர்தல் ஆண்டாகவும் இருந்ததால், எதிர்த்தரப்பு நாளிதழ்கள் அந்தப் படங்களை மட்டுமன்றி, அவற்றை எடுக்க வைத்த அரசு நிறுவனத்தின் பணியையே மோசடி என்று சாடின. ஒரு தொழிலாளியிடம் "அந்த மூட்டையை இன்னொரு முறை தூக்குங்கள்" என்று கேட்பதும், வேறொரு நாள் பதிவான அழுகுரலை இன்றைய காட்சியின் மீது சேர்ப்பதும், ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலை வேறொரு கேள்விக்கு அடுத்து ஒட்டுவதும் அதே வகையைச் சேர்ந்தவை. நடந்ததை மீண்டும் நடித்துக் காட்டுவது தவிர்க்க முடியாததாக இருந்தால், அது மீள்நடிப்பு என்பதைத் திரையிலேயே எழுதிக் காட்டிவிட வேண்டும்.

படம் தானே பேசும் என்று நம்பிக் குறிப்பெடுக்காமல் விடுவதும் பெருந்தவறு. 1908 முதல் அமெரிக்கத் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காகப் பணியாற்றிய புகைப்படக் கலைஞர் லூயிஸ் ஹைன், ஆலைகளுக்குள் நுழைய வெவ்வேறு வேடங்களைப் புனைய வேண்டியிருந்தது. உள்ளே போனதும் சிறுவர் சிறுமியரின் பெயர், வயது, செய்யும் வேலை ஆகியவற்றைக் கேட்டறிந்து குறித்துக்கொண்டார். அவர்களுடைய உயரத்தைத் தம் மேலங்கியின் பொத்தான்களோடு ஒப்பிட்டே கணக்கிட்டார். அந்தக் குறிப்புகள் இருந்ததால்தான் "இங்கே குழந்தைகள் யாரும் வேலை செய்யவில்லை" என்று மறுப்பது ஆலை முதலாளிகளுக்குக் கடினமாயிற்று. இன்று இதே கவனம், கேமராவின் தேதியையும் நேரத்தையும் சரியாக வைப்பதிலும், மூலக்கோப்புகளை எந்தத் திருத்தமும் செய்யாமல் இரண்டு வெவ்வேறு இடங்களில் பாதுகாப்பதிலும், ஒவ்வொரு படத்துக்கும் அன்றைக்கே படக்குறிப்பு எழுதிவைப்பதிலும் இருக்க வேண்டும். மாதங்கள் கழித்து நினைவிலிருந்து எழுதும் குறிப்பில் பிழை புகுந்துவிடும். அந்த ஒரு பிழையைத்தான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையிலெடுப்பார்.

ஒப்புதல் பெறும் விஷயத்தில் நிகழும் தவறுகள் இவை எல்லாவற்றையும்விட ஆழமானவை. 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிப்போமோ அருகே பட்டாணி பறிக்கும் தொழிலாளர் முகாமில் புகைப்படக் கலைஞர் டொரோதியா லாங்கே எடுத்த, அங்கிருந்த ஒரு தாயின் படம் உலகெங்கும் பரவியது. தாம் அவருடைய பெயரையோ வரலாற்றையோ கேட்கவில்லை என்று லாங்கே பின்னர் எழுதினார். படம் வெளியானதைத் தொடர்ந்து முகாமுக்கு உணவுப் பொருள்கள் அனுப்பப்பட்டன. அதற்குள் அந்தக் குடும்பம் வேறிடம் சென்றுவிட்டது. 1978இல்தான் அந்தத் தாய் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று வெளியுலகுக்குத் தெரிந்தது. அந்தப் படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்றும், அதை எடுத்திருக்கவே வேண்டாம் என்றும் அவர் மனம் வருந்தினார். உணவு வாங்குவதற்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டார்கள் என்று லாங்கே எழுதியிருந்ததையும் குடும்பத்தினர் மறுத்தனர். மனிதநேயத்தோடு எடுக்கப்பட்ட படம்தான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் பெயரைக் கேட்க ஒரு நிமிடம் செலவிட்டிருந்தால் நாற்பது ஆண்டுக்கால மனக்கசப்பின் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம்.

ஆகவே, ஒரு தாளில் கையெழுத்து வாங்குவதோடு ஒப்புதல் முடிந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. "இந்தப் படம் உங்கள் மேற்பார்வையாளரின் கைபேசிக்கும் வரும், ஒருமுறை இணையத்தில் ஏறிவிட்டால் முழுமையாக நீக்க முடியாது" என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மேற்பார்வையாளரோ உதவி வழங்கும் அமைப்பின் ஊழியரோ பக்கத்தில் நிற்கும்போது கிடைக்கும் சம்மதத்தைச் சம்மதமாகக் கொள்ள முடியாது. சில நாள்கள் கழித்து மறுபடியும் கேட்க வேண்டும். படத்தொகுப்பு முடியும் முன் அவருடைய பகுதியை அவருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். எந்தத் தேதி வரை விலகிக்கொள்ளலாம் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குழந்தைகள் என்றால், பெற்றோர் இசைந்த பிறகும், வளர்ந்தபின் அந்தப் படத்தோடு அவர்களால் வாழ முடியுமா என்று யோசித்தாக வேண்டும்.

அடையாளத்தை மறைப்பதாக வாக்களித்துவிட்டு முகத்தை மட்டும் மங்கலாக்குவோர் பலர். நேர்காணல் காட்சி ஒன்றைக் கவனியுங்கள்: முகம் தெரியவில்லை, ஆனால் மடியில் கிடக்கும் கையில் பழைய தையல் தழும்பு தெரிகிறது, பின்னால் சன்னல் வழியே ஆலையின் புகைபோக்கி எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது தெரிகிறது, பேச்சின் நடுவே மகளின் பெயரும் வந்துவிடுகிறது. அந்நியருக்கு இவை ஒன்றும் சொல்லமாட்டா. ஆனால் அவரைத் தேடும் கண்காணிக்கு இவற்றில் ஒன்று போதும். சுருதியை மட்டும் மாற்றிய குரலை மென்பொருளால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியும் என்பதால், அவர் சொன்னதை வேறொருவர் குரலில் பதிவு செய்வதே பாதுகாப்பானது. கைபேசியில் எடுத்த படங்களில், எடுத்த இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் விவரம் பதிந்திருக்கக்கூடும். வெளியிடும் பிரதியிலிருந்து அதை நீக்க வேண்டும். மறைக்காத மூலக்காட்சி இருக்கும் மெமரி கார்டு பிறர் கையில் சிக்கினால் இத்தனை கவனமும் வீண் என்பதால், கடவுச்சொல் இல்லாமல் திறக்க முடியாதபடி கோப்புகளைக் குறியாக்கம் செய்துவைப்பதும் இதன் ஒரு பகுதிதான்.

துயரத்தை மட்டும் காட்டிவிட்டு, அதை உண்டாக்கும் ஏற்பாட்டைக் காட்டாமல் விடுவது இன்னொரு குறை. கண்ணீர் வடியும் முகத்தை எத்தனை அண்மையில் காட்டினாலும், கூலியில் யார், எதற்காக, எவ்வளவு பிடிக்கிறார் என்பது விளங்காது. அதற்குச் சம்பளச் சீட்டு, வருகைப் பதிவேடு, கடன் கணக்கு நோட்டு, இரவில் வெளிப்புறமாகப் பூட்டப்படும் கதவு ஆகியவை வேண்டும். குற்றம் சாட்டப்படுவோரிடம் குறிப்பான கேள்விகளை எழுத்தில் அனுப்பி, போதிய அவகாசம் தந்து, அவர்கள் தரும் விளக்கத்தையும் சேர்ப்பது நியாயம் மட்டுமன்று, படத்துக்கான காப்புமாகும்.

படம் வென்ற பிறகும் சிக்கல் எழலாம். அமெரிக்க இயக்குநர் எரால் மோரிஸ் 1988இல் வெளியிட்ட ஆவணப்படம், செய்யாத கொலைக்காகச் சிறையில் இருந்த ராண்டல் டேல் ஆடம்ஸ் மறு ஆண்டே விடுதலை பெற உதவியது. அதன்பின், தம் வாழ்க்கைக் கதையின் உரிமை யாருடையது என்ற பிரச்சினையில் ஆடம்ஸ் அதே இயக்குநர் மீது வழக்குத் தொடுத்தார். ஆகவே உரிமை, வருவாய், பிற்காலப் பயன்பாடு ஆகியவற்றைப் படத்தில் இடம்பெறுபவருக்குப் புரியும் மொழியில் முன்கூட்டியே எழுதி, ஒரு பிரதியை அவரிடமே கொடுத்துவிட வேண்டும். வெளியீட்டுத் தேதியை முன்னரே தெரிவிப்பதும், மிரட்டல் வந்தால் எந்த வழக்கறிஞரை அழைப்பது, தற்காலிகமாக எங்கே தங்குவது என்பதை அவரோடு சேர்ந்து முடிவு செய்வதும் படப்பிடிப்புத் திட்டத்திலேயே, அதற்கான செலவோடு, இடம்பெற வேண்டியவை.