ஜெபமும் வேண்டும், தராசும் சரியாக இருக்க வேண்டும்

விசுவாசம் இருக்கிறவனுக்கு யோசனை எதற்கு என்று நினைப்பவர்கள் நம்ம சபைகளில் நிறைய பேர் இருக்கிறார்கள். புறாவைப்போல் கபடில்லாமல் இருக்கச் சொன்ன இயேசு, அதே வசனத்தில் சர்ப்பத்தைப்போல் வினாவோடு, அதாவது விவேகத்தோடு, இருக்கவும் சொன்னார் (மத்தேயு 10:16). ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை விட்டுவிட்டால் வீட்டிலும் வியாபாரத்திலும் எங்கேயாவது இடிக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நாம் தினமும் செய்கிற வேலைகளை வைத்தே இதைச் சொல்கிறேன், இன்றைக்கே ஆரம்பித்துவிடலாம்.

முதலில் தராசு. கடை வைத்திருந்தாலும் சரி, போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் தரையில் துணி விரித்து விற்றாலும் சரி, கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் 11:1 சொல்வது உங்கள் கையில் இருக்கிற அந்தத் தராசைத்தான். எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷத்துக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும், இரும்பு எடைக்கல்லுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. அந்தச் சான்றிதழை மேசைக்குள் வைக்காமல் வாங்க வருகிறவர் பார்க்கிற இடத்தில் மாட்டுங்கள். அப்புறம், முத்திரையிட்ட ஒரு கிலோ கல் ஒன்றைக் கடையிலேயே வைத்துக்கொண்டு, காலையில் கடை திறந்ததும் தராசில் வைத்துப் பாருங்கள், சரியாக 1.000 காட்ட வேண்டும். பாத்திரத்தோடு நிறுக்கிறீர்கள் என்றால் முதலில் காலிப் பாத்திரத்தை வைத்து சைபருக்குக் கொண்டுவந்த பிறகே சரக்கைப் போடுங்கள். இருபது கிராம்தானே என்று தோன்றலாம், ஆனால் கால் கிலோ வாங்குகிறவரிடமிருந்து ஒவ்வொரு தடவையும் போகிற இருபது கிராம் அது, கால் கிலோ வாங்குகிறவர் பெரும்பாலும் கையில் காசு குறைவாக இருக்கிறவர்.

ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறவர்களுக்கு இன்னொன்று. பெட்டியில் மேல் வரிசையில் பெரிய பழம், அடியில் பொடியும் வெடிப்பும் வைத்து அனுப்புவது எல்லாரும் செய்கிறதுதான் என்று சொல்வார்கள். காட்டிலேயே பிரித்துவிடுங்கள். பெரியது ஒரு பெட்டி, பொடி ஒரு பெட்டி, மண்டியில் இறக்கும்போதே "இது பொடிங்கண்ணா" என்று வாயால் சொல்லிவிடுங்கள். விலை குறையும், குறைந்தால் குறையட்டும். மாங்காய் சீசனில் கார்பைட் கல் வைத்துப் பழுக்க வைப்பதும் இதே சங்கதிதான். அது சட்டப்படி தடை, உடம்புக்கும் கேடு. எத்திலீன் வாயுவை அளவோடு விட்டுப் பழுக்க வைக்க அனுமதி இருக்கிறது, அந்த வசதி இல்லையா, வைக்கோலில் வைத்துவிட்டு, கேட்டு வருகிறவரிடம் இன்னும் நாலு நாள் ஆகும் என்று சொல்லுங்கள்.

கூலி விஷயத்தில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கூலிக்காரன் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்று லேவியராகமம் 19:13 சொல்லிவிட்டது. ஆள் விட்டிருக்கிற நாளில் காலையிலேயே சில்லறை மாற்றி வையுங்கள், முன்பணம் கழிப்பதாக இருந்தால் அவர் கண்முன்னே நோட்டில் எழுதிக் கழியுங்கள்.

அடுத்தது கடனும் ஜாமீனும், நம்மில் பலர் சிக்குகிற இடம். ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது ஒருவர் தோளில் கை போட்டு, "பிரதர், ஒரு கையெழுத்து மட்டும்தான்" என்பார். உடனே பதில் சொல்லாதீர்கள். எவ்வளவு தொகை, யாரிடம் வாங்குகிறார், அவர் கட்டாவிட்டால் அந்தத் தொகையை உங்களால் கட்ட முடியுமா, இந்த மூன்றையும் வீட்டில் மனைவியோடோ கணவரோடோ உட்கார்ந்து பேசுங்கள். முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள், "ஜெபித்துச் சொல்கிறேன்" என்று இழுத்து அவரை அலைய விடுவது பொய்க்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. கையெழுத்து இல்லாமல் பணத்தையே கடனாகக் கொடுப்பதென்று முடிவு செய்தால் எழுதி வாங்குங்கள். சகோதரனிடம் போய் எழுத்தா என்று கூச்சப்படுகிறவர்கள் எரேமியா 32-ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். எரேமியா நிலம் வாங்கியது சொந்தச் சித்தப்பா பெரியப்பா வழி உறவிடம், அதுவும் கர்த்தர் சொல்லி. அப்படியும் பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார், பத்திரம் எழுதினார், முத்திரை போட்டார், சாட்சிகளை வைத்தார், பத்திரம் கெடாமலிருக்க மண்பாண்டத்தில் போட்டு வைக்கவும் சொன்னார். நீங்கள் கடன் வாங்குகிறவரிடம் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, தேதியோடு புரோநோட்டு எழுதி வாங்கி வையுங்கள், மூன்று வருஷம் தாண்டினால் அதை வைத்து வழக்குப் போட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

போட்ட பணம் சீக்கிரம் இரட்டிப்பாகும் என்று வருகிறவர் நம் சபைக்காரராகவே இருந்தாலும் கேள்வி கேளுங்கள். பேதை எந்த வார்த்தையையும் நம்புவான் என்று நீதிமொழிகள் 14:15-லேயே இருக்கிறது. சீட்டு என்றால் பதிவு எண் எங்கே என்று கேளுங்கள், 1982-ஆம் வருஷச் சட்டப்படி சீட்டு நடத்தப் பதிவு கட்டாயம். ஓடிபி சொல்லிப் பணம் போய்விட்டதா, வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்குப் போன் போடுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. காட்டு வேலையில் பாம்பு கடித்தால் முதலில் 108, பாஸ்டருக்கு அப்புறம். கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், வாய் வைத்து உறியாதீர்கள், கடிபட்ட காலை ஆட்டாமல் வைத்து விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஆம்புலன்சில் உட்கார்ந்து தாராளமாக ஜெபியுங்கள். தேவாலயத்து உச்சியிலிருந்து குதித்துக் காட்டு என்று பிசாசு சொன்னபோது, கர்த்தரைப் பரீட்சை பார்க்கக் கூடாது என்று இயேசுவே மறுத்தார். ஊசி போடாமல் விசுவாசத்தை நிரூபிக்கச் சொல்கிறவர் பேச்சைக் கேட்கவே வேண்டாம்.

கடைசியாக சபைக் காணிக்கை. எருசலேமுக்கான காணிக்கையைப் பவுல் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை, சபைகள் தெரிந்தெடுத்த ஆளைக் கூட வைத்துக்கொண்டார், மனுஷர் முன்பாகவும் யோக்கியமாக இருக்க வேண்டும் என்று காரணத்தையும் எழுதினார் (2 கொரிந்தியர் 8:19-21). ஆகவே பொருளாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் சேர்ந்து எண்ணுங்கள். எண்ணிய தொகையை அங்கேயே எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மாத வரவு செலவை ரசீதுகளோடு சேர்த்து, செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் எல்லாரும் படிக்கிற அளவு எழுத்தில் ஒட்டுங்கள், யாராவது கேள்வி கேட்டால் கோபப்படாமல் நோட்டை எடுத்துக் காட்டுங்கள்.