கீமோ காலத்தில் உடற்பயிற்சியும் எடையும்: நல்ல எண்ணத்தோடு நடக்கும் தவறுகள்

மார்பகப் புற்றுநோய்க்கு சிகிச்சை ஆரம்பித்த வீட்டில் இரண்டு குரல்கள் ஓயாமல் கேட்கும். ஒன்று, "நீ எழுந்திருக்காதே, பேசாம படு." இன்னொன்று, "இந்த டம்ளரைக் குடிச்சிடு, தெம்பு வரும்." இரண்டுமே பாசம்தான். ஆறு மாதம் கழித்து இடுப்பு பருத்து, தொடை மெலிந்து, மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்குவதற்கும் இவை இரண்டுமே பெரும்பாலும் காரணமாகின்றன.

புற்றுநோய் என்றாலே ஆள் இளைத்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோயில் நடப்பது பல சமயம் நேர்மாறு. வாந்தியையும் ஒவ்வாமையையும் தடுக்க கீமோவோடு கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு பசியைக் கிளப்பும். மாதவிடாய் சீக்கிரமே நின்றுபோகலாம். நடமாட்டமும் குறையும். தசை கரைந்து அந்த இடத்தில் கொழுப்பு சேர்வதால், எடை மெஷினில் எண் மாறாமலே உடம்பின் சேர்மானம் மாறிவிடும். அதனால் எடையை மட்டும் பார்த்து நிம்மதி அடைவதை முதல் தவறு என்பேன். தாழ்வான நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று பாருங்கள், மெஷின் சொல்லாததை அது சொல்லும்.

அடுத்தது, களைப்பை ஓய்வால் தீர்க்கப் பார்ப்பது. கீமோ களைப்பு தூங்கி எழுந்தால் போகிற ரகம் இல்லை. படுக்கப் படுக்க அது கூடத்தான் செய்யும். குணப்படுத்தும் நோக்கில் சிகிச்சை எடுப்பவர்கள் சிகிச்சை நடக்கும்போதே நடை போன்ற பயிற்சியும் தசைப் பயிற்சியும் செய்யலாம் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2022இல் வழிகாட்டுதலே வெளியிட்டது. வாரம் மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம் மிதமான நடை, வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி என்பது இப்போது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. இதைப் படித்துவிட்டு முதல் நாளே அரை மணி நேரம் நடந்து, மறுநாள் சுருண்டு படுப்பதும் தவறுதான். கீமோ ஏறிய முதல் சில நாள் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் போதும். அப்புறம் தெரு முனை வரை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

நடை மட்டும் போதும் என்று நிறுத்திக்கொள்பவர்களும் நிறைய. கரைகிற தசையைக் காப்பாற்ற நடை மட்டும் போதாது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்து முறை, சுவரில் இரு கைகளையும் ஊன்றி மெல்லத் தள்ளி வருவதைப் பத்து முறை என்று ஆரம்பிக்கலாம். அறுவை சிகிச்சை ஆகியிருந்தால் சுவர்ப் பயிற்சிக்கு மட்டும் பிசியோதெரபிஸ்டின் சம்மதம் வேண்டும்.

இனி கைக்கு வருவோம், பயம் மிக அதிகமாக இருப்பது இங்கேதான். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த பிறகு "அந்தக் கையால் எதையும் தூக்காதே" என்பது காலங்காலமாகச் சொல்லப்பட்டது. கை வீங்கிவிடும் என்ற அச்சம்தான் காரணம். 1996இல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து பலர் வரிசையாக உட்கார்ந்து ஓட்டும் நீளமான டிராகன் படகில் துடுப்புப் போட வைத்தார். யாருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. பிறகு பென்சில்வேனியாவில் ஏற்கெனவே கை வீக்கம் உள்ள 141 பெண்களிடம் ஓராண்டு ஆய்வு நடத்தினார்கள். முடிவு 2009இல் வந்தது. மெல்ல மெல்லக் கூட்டிய எடைப் பயிற்சியால் வீக்கம் அதிகமாகவில்லை. பயிற்சி செய்தவர்களுக்கு அது திடீரென்று மோசமாவதுகூடக் குறைந்தது.

"மெல்ல மெல்ல" என்பதைக் கவனியுங்கள். எடுத்த எடுப்பில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கச் சொல்லவில்லை. அறுவை சிகிச்சைப் புண்ணிலிருந்து நீரை வெளியேற்ற வைக்கும் டிரெயின் குழாய் இருக்கும்வரை பொதுவாகக் கையைத் தோள் மட்டத்துக்கு மேல் உயர்த்தச் சொல்வதில்லை. குழாயை எடுத்த பிறகு சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் படிப்படியாக மேலே ஏறி, இழுக்கிற இடத்தில் நிறுத்தி, அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மறுநாள் அந்தக் கோட்டைத் தாண்டப் பாருங்கள். இதைத் தள்ளிப்போட்டால் தோள் இறுகிவிடும். ரேடியேஷன் மேசையில் கையைத் தலைக்கு மேல் வைத்தபடி அசையாமல் படுக்க வேண்டும். கை அவ்வளவு தூரம் உயரவில்லை என்பதால் ரேடியேஷனையே தள்ளிவைப்பதும் உண்டு. அப்புறம், வளையல் இறுகினாலோ ரவிக்கையின் ஒரு கை மட்டும் பிடித்தாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். வீக்கத்தின் ஆரம்பத்தைக் கையை அளக்கும் டேப்புக்கு முன்பே அவை காட்டிவிடலாம்.

சாப்பாட்டில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ஒரு பக்கம் சத்துமாவுக் கஞ்சி, ஊட்டச்சத்து பானம், பேரீச்சம்பழம், நெய் என்று நாள் முழுக்க ஊட்டுவது. இன்னொரு பக்கம் "சர்க்கரை புற்றுநோய்க்குத் தீனி" என்று யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்து சோற்றையே நிறுத்துவது, ஜூஸ் மட்டும் குடிப்பது. கீமோ நடக்கும்போது பட்டினி டயட் வேண்டவே வேண்டாம், தசையும் சேர்ந்து கரையும். பல கீமோ மருந்துகளின் அளவை உயரம், எடை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள் என்பதால், எடை நன்றாக ஏறினாலும் இறங்கினாலும் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். தட்டில் கூட வேண்டியது புரதம். ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் என்று வைத்தால், 60 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 70 கிராம் அளவில் வரும். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். ஆக முட்டை, மீன், சுண்டல், பருப்பு, தயிர் எல்லாம் சேர்ந்தால்தான் எட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. எடையைக் குறைக்கத்தான் வேண்டுமென்றால் கீமோ முடிந்த பிறகு டயட்டீஷியனோடு உட்கார்ந்து திட்டமிடலாம்.

பயிற்சியே கூடாத நாட்களும் உண்டு. காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் நடையை மறந்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், இரவானாலும் சரி. கீமோவுக்குப் பிந்திய இரண்டாவது வாரத்தில் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணு பொதுவாக இறங்கியிருக்கும். கூட்டமான ஜிம்மும் நீச்சல் குளமும் அப்போது வேண்டாம். கையில் பிக் லைன் (மருந்து ஏற்ற இரத்தக்குழாயில் பல வாரம் விட்டுவைக்கும் மெல்லிய குழாய்) இருந்தால் நீச்சல் அறவே கூடாது. பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து போட்டுப் பாதம் மரத்துப்போனவர்கள் செருப்பில் நடக்காமல் பிடிப்புள்ள ஷூ போட வேண்டும். இதயத்தைப் பாதிக்கக்கூடிய டாக்சோரூபிசின், டிராஸ்டுசுமாப் மருந்துகளை எடுப்பவர்களுக்குப் புதிதாக மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ களைப்பு என்று விட்டுவிடாமல் உடனே சொல்லுங்கள், இதயத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். நோய் எலும்புக்குப் பரவியிருந்தால் எந்தப் பயிற்சியும் மருத்துவரைக் கேட்டுத்தான்.

கடைசியாக, கீமோ முடிந்ததும் நடையை விட்டுவிடுவது. ஹார்மோனால் வளரும் வகைப் புற்றுநோய் என்றால், ஹார்மோனைக் குறைக்கும் லெட்ரோசோல் அல்லது அனாஸ்ட்ரோசோல் மாத்திரை பொதுவாக ஐந்து வருடமாவது ஓடும். பலருக்குக் காலையில் எழும்போது விரல் மடங்காது, முட்டி பிடிக்கும். வலிக்கிறதே என்று நடையை நிறுத்துவார்கள், கொஞ்ச நாளில் மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள். 2015இல் யேல் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில் இப்படி வலி இருந்த 121 பெண்கள் பங்கேற்றார்கள். வாரம் 150 நிமிட நடை போன்ற பயிற்சியும் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் ஓராண்டு செய்தவர்களுக்கு மூட்டு வலி நன்றாகக் குறைந்தது. அப்படியும் வலி தாங்கவில்லை என்றால் அதே வகையில் வேறு மாத்திரைக்கு மாற்றிப் பார்க்க வழி உண்டு. அதற்கு மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.