ஐஸ் பாவிக்கும் ஒருவரை வீட்டார் கவனிக்கும் முறை

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ‘ஐஸ்’ எனப்படும் மெத்தம்பெட்டமைன் என்ற போதைப்பொருள், மூளையில் டோபமின், நோர்அட்ரினலின் என்னும் இரசாயனங்களை அளவுக்கு மீறி வெளிவிடச் செய்து, இதயத்துடிப்பு, குருதி அழுத்தம், உடல் வெப்பம் ஆகிய மூன்றையும் ஒருங்கே உயர்த்துகிறது. வீட்டுப் பிள்ளை நாட்கணக்கில் உறங்காமல், பசியற்று மெலிந்து, பற்களை நறநறவெனக் கடித்து, யாரோ தன்னைப் பின்தொடர்வதாக அஞ்சினால், அதைச் சூனியம் என்றோ திமிர் என்றோ எண்ணிக் காலம் கடத்த வேண்டாம்.

நெஞ்சுவலி, வலிப்பு, வாய் குழறல், ஒரு பக்கம் செயலிழத்தல், உடல் கொதிக்கக் குழம்பிப் பேசுதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் 1990 இலவச அம்புலன்ஸ் சேவையை உடனே அழையுங்கள். எமது கரையோர வெக்கையில் உடற்சூடு மேலும் ஏறக்கூடும் என்பதால், வண்டி வரும்வரை அவரை நிழலில் இருத்தி, உடைகளைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறிக்கொண்டிருங்கள். வலிப்பு வந்தால் பக்கவாட்டில் கிடத்துங்கள். வாய்க்குள் எதையும் திணிக்கவோ கையில் இரும்பைக் கொடுக்கவோ வேண்டாம். முரண்டு பிடிப்பவரைக் கட்டிவைப்பது, என் கருத்தில், வீட்டார் செய்யும் மிகப் பெரிய தவறு. திமிறத் திமிற வெப்பமும் இதயத்தின் சுமையும் பெருகும். அவரோடு வாதாடாமல், தாழ்ந்த குரலில் ஓரிருவர் மட்டும் பேசுங்கள்.

வைத்தியசாலையில், அவர் எதைப் பாவித்தார் என்பதை வெட்கத்தால் மறைக்காதீர்கள்.

போதை இறங்கியபின் நீண்ட உறக்கமும் கடும் மனச்சோர்வும் வரும். உயிரை மாய்க்கும் எண்ணம் எழக்கூடிய அந்நாட்களில் அவரைத் தனியே விடாதீர்கள். உளநல உதவிக்கு 1926, போதையிலிருந்து மீளும் ஆலோசனைக்கு 1927 ஆகிய இலக்கங்களை அழைக்கலாம்.